கத்தரிக்காய் டப்பாவில் கொஞ்சம் மண்

பிரியாணிப் பார்சலோடு கத்தரிக்காய் வைத்துத் தருவார்களே, மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா, அப்படி ஒன்று எங்கள் வீட்டு பீரோவுக்கு மேல் ஆறு வருடம் கிடந்தது. மூடியில் மார்க்கர் பேனாவால் ‘பள்ளம்’ என்று ஒரே வார்த்தை. உள்ளே இருந்தது கத்தரிக்காய் அல்ல, மண். நகராட்சியில் இன்ஜினியராக இருந்த ஓர் அம்மா, மாற்றலாகிப் போகிற அன்று ஏரிக்கரையில் வைத்து அதை என் கையில் கொடுத்தார். வாங்கும்போதே எனக்குச் சந்தேகம். மண்ணுக்குள் எதையாவது மடித்து வைத்திருப்பாரோ, நாளைக்கு இதைச் சொல்லி என்னை எதிலாவது மாட்டிவிடுவாரோ என்று வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். மண்தான். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. எதற்கும் ஓர் ஆதாரமாக இருக்கட்டும் என்று மூடியைச் சுற்றி பிரவுன் டேப் ஒட்டி, அவருக்கு எதிராக நான் எழுதிய மனுவின் நகலோடு சேர்த்து மேலே வைத்துவிட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவன் நான். செலக்டர் என்பார்கள். மேஜையில் விரித்த தோலைக் கண் பார்ப்பதற்கு முன்பே உள்ளங்கை தடவிப் பார்த்துவிடும். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எல்லாம் பளபளப்புக்குக் கீழே பதுங்கியிருக்கும். அதைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். பிடிக்காமல் விட்டால் அது ஷூவாகி வெளிநாடு போய், என் பெயரோடு திரும்பி வரும். அப்படிப் பழகிய புத்தி வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. யாராவது சிரித்துப் பேசினால் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். “உன் வூட்டுக்காரரு கோயில்ல திருநீறு குடுத்தாகூட திருப்பிப் பாத்துட்டுத்தான் பூசுவாரு” என்று என் மனைவியின் அக்கா கேலி செய்வாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர் ஏரியைச் சீரமைத்து, கரையில் பூங்கா வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது நான் காலை நடைச் சங்கத்தின் செயலாளர். சங்கம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, விடிந்ததும் கரையில் நடந்துவிட்டு டீ குடிக்கிற இருபது முப்பது ஆண்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைவர். ஏரி அப்போது பாதிக்கு மேல் வேலிகாத்தான் புதர். தெற்குக் கரையை ஒட்டி ஒரு பெரிய பள்ளம். வடகிழக்கில், மழைத் தண்ணீர் வந்து சேர்கிற வாய்க்கால் பக்கம், ஆள் உயரத்துக்குக் கோரை, அதற்குள்ளிருந்து தாழைக்கோழி என்கிற நீர்ப்பறவையின் சத்தம். இந்த இடத்தைப் பார்த்துத் திட்டம் போட வந்தவர்தான் இன்ஜினியரம்மா. காவேரிப்பாக்கத்துக்காரர். பெரிய ஏரிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று சொன்னார்கள். நாற்பது வயது இருக்கும். வந்த முதல் வாரம் கரையில் இறங்கியவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். எங்களுக்குச் சுருக்கென்றது. அந்தத் தோல் வாசனையில்தான் எங்கள் ஊரே சோறு தின்கிறது. நாலைந்து மாதம் கழித்து அவர் கைக்குட்டை இல்லாமல் நடப்பதைப் பார்த்து, “இன்னா மேடம், ஊர் பழகிடுச்சா?” என்று தலைவர் கேட்டார். “ஆமா சார், பழகிடுச்சு” என்றார் அவர். அந்தப் பதிலில் சந்தோஷமே இல்லை. இதில் என்ன உள்நோக்கம் என்று அதையும் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

அவர் வேலை செய்கிற விதமே எனக்குப் பிடிபடவில்லை. மற்ற அதிகாரிகள் என்றால் ஒரு கூட்டம் போடுவார்கள், நாங்கள் பேசுவோம், அவர்கள் தலையாட்டுவார்கள், முடிந்தது. இவர் சாயங்காலம் ஷூ கம்பெனி வாசலில் போய் நின்றுகொண்டு, ஷிப்ட் முடிந்து வருகிற பெண்களிடம் பூங்காவில் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரு பெண் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதி வந்து கூட்டத்தில் படித்தார்: “நடக்கிறது எங்க மேடம்? நாள் பூரா நின்னுகினே வேலை செய்யறோம். பஸ் வர்ற வரைக்கும் குந்த ஒரு எடம் குடுங்க, ஒரு கக்கூஸ் கட்டுங்க, போதும்.” அதனால் நடைபாதையைக் குறைத்து, பஸ் நிறுத்தத்தை ஒட்டி நிழலில் பெஞ்சுகள் என்று வரைபடத்தில் போட்டிருந்தார். எங்கள் ஆட்களுக்கு இது பொறுக்கவில்லை. பெஞ்சு போட்டால் ஜோடிகள் வந்து உட்காரும், குடிகாரன் வந்து படுப்பான் என்றார்கள். எனக்கு வேறு கவலை. எங்களைக் கேட்காமல் வாசலில் போய் ஆள் பிடிக்கிறார் என்றால், எங்களுக்கு எதிராகக் கூட்டம் சேர்க்கிறார் என்றுதானே அர்த்தம்?

நாங்கள் கேட்டது ஏரியைச் சுற்றி முழு வட்டமாக ஒரு பாதை. நடக்கிறவனுக்குச் சுற்றுக் கணக்கு வேண்டும். இன்றைக்கு நான்கு சுற்று போட்டேன் என்று சொல்வதில் ஒரு திருப்தி இருக்கிறது. அவர் வரைந்தது மூன்று பக்கம் மட்டும். கோரைப் பக்கம் போனதும் பாதை நின்றுவிடும், வந்த வழியே திரும்ப வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, “தாழைக்கோழி அங்கதான் முட்டை வைக்குது சார். மூணு பக்கம் நாம எடுத்துக்கறோம். அதுக்கு முதுகைக் காட்டிக்கினு குந்த ஒரு பக்கமாவது வேணாமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கோரைக்கு அந்தப் பக்கம் மனை பிரித்து விற்கிற ஒருவரின் நிலம் இருந்தது. நாளைக்கு அந்த மனைகளுக்கு ரோடு விட இப்போதே இடம் ஒதுக்குகிறார், கோழி முட்டையெல்லாம் சாக்கு என்று டீக்கடையில் சொன்னேன். நெருப்பில்லாமல் புகையுமா என்று தலைவரும் சொன்னார். புகையைக் கிளப்பியது நான்தான் என்பது எங்கள் இருவருக்குமே அப்போது தோன்றவில்லை.

பிறகுதான் பள்ளத்தின் விவகாரம் வந்தது. தெற்குக் கரைப் பள்ளத்தை மேடாக்கி, அங்கே குழந்தைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கு மரமும் வைக்க வேண்டும் என்பது ஊரின் ஆசை. அதே மனை வியாபாரி, மண்ணை நானே இலவசமாக நிரப்பித் தருகிறேன் என்று முன்வந்தார். மாதிரிக்கு ஒரு லோடு கொண்டுவந்து கரையில் கொட்டியும் காட்டினார். ஊரே அவரைப் புகழ்ந்தது. இன்ஜினியரம்மா மட்டும் வேண்டாம் என்றார். பள்ளம் பள்ளமாகவே இருக்கட்டும், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், மற்ற நாளில் அதுவே குழந்தைகள் ஓடி இறங்கி விளையாட இடம், ஊஞ்சலைக் கரை மேலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். சும்மா வருகிற மண்ணை ஒருவர் வேண்டாம் என்றால் காசுக்கு வருகிற மண்ணில் அவருக்கு ஏதோ இருக்கிறது. என் புத்தி அப்படித்தான் போயிற்று. பின்னால் ஏதாவது ஒரு குவாரிக்காரன் வருவான் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். இதற்கு முன் கோரை விஷயத்தில் அதே மனை வியாபாரிக்கு அவர் வேண்டியவர் என்று நானே சொல்லியிருந்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுகிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. சந்தேகம் என்று வந்துவிட்டால் கணக்கு உதைப்பது யாருக்கும் தெரிவதில்லை.

முழு வட்டப் பாதை கேட்டு மனு கொடுக்க ஒரு நாள் அவருடைய அறைக்குப் போனேன். ஜன்னல் ஓரமாகக் கத்தரிக்காய் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் இடத்து மண், மூடியில் அந்த இடத்தின் பெயர்: கரை, கோரை, வாய்க்கால், பள்ளம். எல்லாவற்றிலும் வெந்தயம் விதைத்திருந்தார். மற்றவற்றில் கீரை விரல் உயரம் வந்திருந்தது. ‘பள்ளம்’ என்று எழுதியதில், அதாவது பள்ளத்தை நிரப்ப வந்த மாதிரி மண்ணில், ஒன்றுகூட முளைக்கவில்லை. “பாருங்க சார்” என்றார். நான் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் என் தொழில் அறிவு வேலை செய்தது. இத்தனை வருடத்தில் மோசமான சரக்கை மாதிரியாகக் காட்டுகிற வியாபாரியை நான் கண்டதில்லை. மாதிரி எப்போதும் அருமையாக இருக்கும், பின்னால் வருகிற சரக்குதான் கம்மி. அப்படியிருக்க, மாதிரி மண்ணே கெட்டது என்றால் யார் நம்புவது? அந்த ஒரு டப்பாவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். விரலை உள்ளே விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை. ஆயிரக்கணக்கான தோல்களைத் தடவிப் பார்த்த கை அன்றைக்குச் சட்டைப் பையிலேயே இருந்தது.

அவருக்கு எதிரான மனுவை நான்தான் எழுதினேன். மக்கள் விருப்பத்துக்கு எதிராகச் செயல்படுகிறார், இலவச உதவியைத் தடுப்பதில் ஆதாயம் இருப்பதாகச் சந்தேகிக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ‘சந்தேகிக்கிறோம்’ என்ற வார்த்தையைப் போட்டால் பின்னால் நம்மை யாரும் பிடிக்க முடியாது என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மாதத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று காலையில், நாங்கள் நடக்கிற நேரத்துக்குக் கரைக்கு வந்தார். மனு என் கையெழுத்தில் இருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். நேராக என்னிடம் வந்து டப்பாவைத் திறந்து நீட்டினார். “மோந்து பாருங்க சார். உங்களுக்கு ஏதாவது வருதா?” முகர்ந்தேன். “ஒண்ணும் வரலையே” என்றேன். “எனக்கும் வரலை சார். அதான் பயமா இருக்கு” என்று மூடி, என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரே ஒப்புக்கொண்டார், மண்ணில் ஒன்றும் இல்லையாம் என்று அன்றைக்கு டீக்கடையில் நான் சொன்னது இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அதற்குப் பிறகு எல்லாம் நாங்கள் கேட்டபடி நடந்தது. லாரிகள் பகலில், எங்களில் முக்கால்வாசிப் பேர் வேலையில் இருக்கும் நேரத்தில் வந்து பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போயின. மேலே ஓர் அடி செம்மண் பரப்பி, புல் வைத்து, ஊஞ்சல் நட்டார்கள். கோரையை வெட்டிப் பாதையை முழு வட்டமாக்கினார்கள். பெஞ்சுகள் வரவில்லை. திறப்பு விழாவில் மனை வியாபாரிக்குச் சால்வை போட்டவர்களில் நானும் ஒருவன். தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எல்லாவற்றின் பல்லையும் பிடித்துப் பார்க்கிற நான் அந்த ஒரு மாட்டை மட்டும் விட்டுவிட்டேன். முதல் மழையிலேயே புல் திட்டுத்திட்டாகக் கருகியது. வேப்பங்கன்றுகள் மூன்று முறை வைத்தும் பிடிக்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவன் சரியில்லை என்று அவன் மேல் சந்தேகப்பட்டோம். குழந்தைகள் காலைச் சொறிந்துகொண்டே வீடு போனார்கள். கொசு என்றோம். தாழைக்கோழியின் சத்தம் எப்போது நின்றது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஓய்வு பெற்றேன். போன வருடம், தென்காசியில் இருக்கும் மகளுக்கு உதவியாக நானும் மனைவியும் போய் எட்டு மாதம் தங்கினோம். கோடை விடுமுறைக்கு நான்கு வயதுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினோம். வேலூரில் பஸ் மாறி, பள்ளிகொண்டா தாண்டி, எங்கள் ஊர் நெருங்கும்போது பேத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு “தாத்தா, நாத்தம்” என்றாள். அதட்டலாம் என்று வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கும் அடித்தது. பிறந்ததிலிருந்து நான் வாழ்ந்த ஊரின் நாற்றம் அறுபது வயதில்தான் முதன்முதலாக என் மூக்குக்கு வந்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

மறுநாள் பேத்தியைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். ஊஞ்சலை நெருங்க நெருங்க அந்த வீச்சம் ஜாஸ்தியானது. அழுகிய முட்டையும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அப்படிக் கீழிருந்து வந்தது. பேத்தி ஊஞ்சலடியில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கை காலைக் கழுவிவிட்டு, பீரோ மேலிருந்த டப்பாவை எடுத்து டேப்பைக் கிழித்தேன். ஆறு வருடம் மூடிக் கிடந்த அதே நாற்றம் என் முகத்தில் அடித்தது. மண்ணை உள்ளங்கையில் கொட்டி விரலால் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டாலும் அது என்னவென்று எனக்குத் தெரியும். குரோம் உப்பில் ஊறிப் பதமான நீலத் தோலை மிஷினில் சீவும்போது உதிர்கிற சீவல், வெள்ளரி விதை அளவுக்கு, பிசுபிசுத்த கழிவுச் சேற்றோடு கலந்து. என் வாழ்நாள் முழுக்க என் மேஜையைச் சுற்றிக் கிடந்த பொருள். அன்றைக்கு ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்திருந்தால் போதும். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். மனைவி பயந்துவிட்டாள்.

நகராட்சி அலுவலகத்தில் பழைய ஊழியர் ஒருவரிடம் கெஞ்சி இன்ஜினியரம்மாவின் நம்பரை வாங்கினேன். வேறு மாவட்டத்தில் இருக்கிறார். என் பெயரைச் சொன்னேன். “சார், இந்த கால் ரெக்கார்ட் ஆவுது. சொல்லிட்டுத்தான் பேசறேன். இப்ப இன்னா கம்ப்ளைன்ட்?” என்றார். என்னால் வந்த ஜாக்கிரதை. நான் வைத்த விதைதானே முளைக்கும்? “மேடம், மோந்து பாத்தேன்” என்றேன். அந்தப் பக்கம் குரல் மாறியது.

“வந்துச்சா சார்?”

“வந்துச்சு மேடம். தப்புப் பண்ணிட்டேன்.”

“அத விடுங்க. நீங்க ஊருக்கு வந்து எத்தினி நாளாச்சு?”

“நாலு நாள்.”

“அப்ப சீக்கிரம் பண்ணுங்க சார். எனக்கு அங்க மூணு மாசத்துல மூக்கு போயிடுச்சு. மொதல்ல வந்தப்ப நிக்கவே முடியல, அப்புறம் ஒண்ணுமே தெரியல. என் மூக்கையே நம்ப முடியலன்னுதான் வெந்தயம் போட ஆரம்பிச்சேன். உங்களுக்கு அந்த ஊரு பழகின ஊரு. இன்னும் சீக்கிரமா போயிடும்.”

அன்றைக்கே மனு எழுதினேன். இந்த முறை ‘சந்தேகிக்கிறோம்’ என்று எழுதவில்லை. விளையாட்டுத் திடலைத் தோண்டி மண்ணைப் பரிசோதிக்க வேண்டும், அதுவரை பூட்டி வைக்க வேண்டும், முன்பு இதைத் தடுக்கப் பார்த்த அதிகாரிமேல் பொய்யான புகார் எழுதியவன் நான் என்று எழுதினேன். கையெழுத்துக்காக ஏரிக்கரையில் நின்றேன். பழைய ஆட்கள் ஒவ்வொருவரிடமும் டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒவ்வொருவரும் முகர்ந்தார்கள். “ஒண்ணும் வரலையே” என்றார்கள். தலைவர் மட்டும் கொஞ்ச நேரம் டப்பாவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “எட்டு மாசம் ஊர்ல இல்ல. வந்த ஒடனே நல்லா இருக்கிற பார்க்கைத் தோண்டணும்ன்றீங்க. யாரு சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு?” என்று கேட்டார். டீக்கடையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதுக்கு வந்தது. மனை வியாபாரியோடு தகராறில் இருக்கிற இன்னொருவர் எனக்கு ஏதோ பணம் கொடுத்திருக்கிறாராம். கோபம் வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை, ஏனென்றால் அந்தப் பேச்சின் வளைவு நெளிவெல்லாம் என்னுடையதாகவே இருந்தது.

மனுவில் என் கையெழுத்தும் மனைவியின் கையெழுத்தும்தான். பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு கொடுத்தார்கள். பார்க்கிறோம் என்றார்கள். இரண்டாவது வாரம் மறுபடி போய்க் கேட்டேன். புதிதாக வந்திருக்கும் அதிகாரி, “எல்லாரும் ஒண்ணும் இல்லன்றாங்க, நீங்க ஒருத்தர் மட்டும் சொல்றீங்களே சார்” என்றார். பேத்தியைத் தென்காசிக்கு அனுப்பிவிட்டோம். ஆனால் ஊஞ்சலில் தினமும் பிள்ளைகள் ஆடுகிறார்கள். என் மகள் இருக்கிற ஊர் போல அவர்களுக்குப் போக வேறு ஊர் இல்லை. சாயங்காலம் ஷிப்ட் விட்டு வருகிற பெண்கள் பஸ் வரும்வரை பூங்காவின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே தங்கள் பிள்ளைகளை அந்த மண்ணில் விளையாட விடுகிறார்கள். அவர்களிடமும் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இந்தப் பெரியவருக்கு இங்கே என்ன வேலை என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

தினமும் காலையில் எழுந்ததும் டப்பாவைத் திறந்து முகர்வது வழக்கமாகிவிட்டது. முதல் வாரம் குமட்டியது. இரண்டாவது வாரம் மூக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. நேற்று ஏதோ மெல்லிசாக வந்தது, அல்லது வந்ததாக நினைத்துக்கொண்டேன். இன்று காலை திறந்து, மூக்கை உள்ளேயே விட்டு, இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். வெறும் மண். ஒன்றும் வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு அந்த அம்மா எதைப் பார்த்துப் பயந்தார் என்று எனக்குப் புரிந்தது.

பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போய், ஊஞ்சலடியில் ஓர் இடம், சறுக்கு மரத்தடியில் ஓர் இடம், கரையில் ஓர் இடம் என்று தோண்டி மண் எடுத்து வந்தேன். நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் போனில் படமும் எடுத்தார். வீட்டுக்கு வந்து, கழுவி வைத்திருந்த மூன்று கத்தரிக்காய் டப்பாக்களைப் பழைய ‘பள்ளம்’ டப்பாவோடு சேர்த்து ஜன்னலில் அடுக்கி, சமையலறைக்குப் போய் மனைவியிடம் ஒரு பிடி வெந்தயம் கேட்டேன்.